வீட்டு லோன் ஓடிட்டிருக்கும்போது கையில கொஞ்சம் பணம் வந்தா அசல்ல கட்டலாமா, முதலீடு பண்ணலாமா?

கட்டுங்க. உங்களுக்கும் என்னை மாதிரி மாசச் சம்பளம்தான், லோன் எடுத்து நாலஞ்சு வருஷத்துக்குள்ளதான் இருக்கும்னு வெச்சுக்கிட்டு சொல்றேன்.

2020 ஆகஸ்ட்ல ஆவடி பக்கம் ஃபிளாட் வாங்க 30 லட்சம் எடுத்தேன். 20 வருஷம், 7% ஃப்ளோட்டிங் (அப்பப்ப ஏறி இறங்கற வட்டி), இஎம்ஐ 23,259. அப்ப ரெப்போ, அதாவது ஆர்பிஐ பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டி, 4%. அது ஏறினா நம்ம வட்டியும் ஏறும். 2022 மே மாசம் ஏத்த ஆரம்பிச்ச ஆர்பிஐ 2023 பிப்ரவரில 6.5%ல வந்து நின்னுச்சு, என் வட்டி 9.5% ஆயிடுச்சு. ஆனா அக்கவுண்ட்ல இருந்து போறது அதே 23,259தான், அதனால எனக்கு எதுவும் தோணல, பேங்க்ல என்னைக் கேக்காமலே காலத்தை நீட்டிட்டே போயிருக்காங்க. ஒருநாள் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தா வட்டிக்கே மாசம் 22,500, அசல்ல ஆயிரம் ரூபா கூட கழியல, பாக்கி 28 லட்சத்துக்கு மேல, இன்னும் 36 வருஷம்! எனக்கு அப்ப 41 வயசு. அன்னிக்கு ராத்திரி நானும் என் வைஃபும் தூங்கவே இல்ல.

அவ கட்டிட்டிருந்த சீட்டை எடுத்தோம், என் போனஸையும் சேர்த்து 3 லட்சம் அசல்ல கட்டினோம். 36 வருஷம் 21 ஆச்சு. ஒரே தடவைல 15 வருஷம் போச்சுங்க.

உடனே வருவாங்க, அதே காசை எஸ்ஐபில (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல) போட்டிருந்தா 12% கிடைச்சிருக்கும்னு. கிடைச்சிருக்கலாம், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா அது கிடைக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க, 9.5% நான் கட்டியே ஆகணும். வரி மிச்சம்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு, பழைய வருமான வரி முறைல வீட்டு லோன் வட்டிக்கு 2 லட்சம் வரைக்கும் கழிவு உண்டுதான், 20% ஸ்லாப்ல இருந்தா மிச்சமாகறது 40 ஆயிரம், அதுக்காக 2 லட்சம் வட்டி கட்டுவீங்களா? அதுக்காக ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெச்சிருக்கறதையும் தொடைச்சுக் கட்டச் சொல்லல, ஆறு மாசச் செலவுக்கு எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைக் கட்டுங்க.

ஃப்ளோட்டிங் ரேட் வீட்டு லோனை முன்கூட்டியே கட்டினா பேங்க் அபராதம் போடக்கூடாதுன்னு 2012லயே ஆர்பிஐ சொல்லியாச்சு. கட்டும்போது இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைங்கன்னு எழுதிக் குடுத்து சீல் வாங்கிக்கோங்க. எனக்கு கவுண்டர்ல இருந்தவர் இஎம்ஐயைத்தான் குறைக்கப் பார்த்தார், ரெண்டு தடவை லீவு போட்டு அலைஞ்சு மாத்தினேன். வட்டி ஏறினா இஎம்ஐயை ஏத்தணுமா காலத்தை நீட்டணுமான்னு நம்மளைக் கேக்கணும்னு 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ உத்தரவே போட்டுச்சு, எனக்கு ஆறு மாசம் லேட்டு.

பில்டர் கதை தனி. கவர்டு பார்க்கிங்குன்னு ரசீது இல்லாம 2 லட்சம் வாங்கினான், குடுத்த இடத்துல நடுவுல தூண் நிக்குது, ஸ்கூட்டி மட்டும்தான் போகும். அந்த 2 லட்சமும் அசலுக்குப் போயிருந்தா இன்னும் எத்தனை வருஷம் குறைஞ்சிருக்கும்னு இப்பவும் வயிறு எரியுது.