சின்னப் படைவீரர் உருவங்களுக்குச் சீருடை நிறம்: எதை நம்புவது?

ஒரே படைப்பிரிவுக்கு மூன்று படங்களில் மூன்று நிறம் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரியாக இருக்கலாம். இயற்கைச் சாயம் போட்ட காலத்தில் ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்குமே நிறம் மாறும், அப்புறம் வெயில், மழை வேறு. நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம், அதனால் கொஞ்சம் மங்கிய, செங்கல் பக்கம் சாயும் சிவப்பு, அதிகாரியின் கோட்டுக்கோ விலை கூடிய கொச்சினியல் பூச்சிச் சாயம், பளிச்சென்று இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே டப்பாச் சிவப்பைப் பூசினால் பார்க்கவே பொம்மைத்தனமாகிவிடும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நம்பி மட்டும் இறங்காதீர்கள். அன்றைய பிலிம் பெரும்பாலும் சிவப்பை உணராது, 1914-இல் பிரெஞ்சு வீரர்கள் போட்டிருந்த சிவப்புக் காற்சட்டைகூட அதில் கருமையாகத்தான் விழும், நீலமோ வெளிறிப்போகும்.

நிறம் முடிவான பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அசல் துணியின் நிறத்தை 28 மில்லிமீட்டர் உருவத்தில் அப்படியே பூசினால் இருட்டாகத் தெரியும், அதனால் ஒரு படி வெளிறலாகக் கலக்கவும். அடர்நீலத்தில் வெறும் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும், சாம்பல் கலந்த நீலம் சேர்த்து மடிப்பு மேடுகளில் மட்டும் தொட்டு விடுங்கள்.