முதல் வகுப்புக்கு முந்தைய மூன்று வாரங்கள்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த எனக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லும் முதல் ஆள் நான்தான். வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வாழ்த்துகள். பையும் புத்தாடையும் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் அருகருகே வைத்து, உங்கள் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்தும் இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயரும் இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். உதவித்தொகை தடைபட அதுவே போதும். வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று அது கைமாறி வர நாளாகும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்லும். ஆனால் வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுத் தொகை அந்தக் கணக்குக்கே வரும்படி ஆதாரை இணைத்திருப்பது வேறு என்பதால், இணைப்பு முடிந்துவிட்டதா என்று கிளையில் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்கள் உண்மையான அச்சம் ஆங்கிலம் என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கி, அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு ஆகிய பாடங்களை உங்கள் தமிழ் நூலோடு பத்தி பத்தியாக ஒப்பிட்டு, தினமும் பத்துச் சொற்களை ஒரு குறிப்பேட்டில் இரு மொழியிலும் எழுதுங்கள். பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது பெயர்கள் மட்டுமே. முதல் பருவத்தில் பலர் தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று, இந்தப் பெயர்களால்தான்.

ஆய்வகக் கோட்டும் பதிவேடும் துறையில் சொன்ன பிறகு வாங்கினால் போதும். வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும். 90 வேலை நாள்கள் என்றால் 22 நாள்களுக்கு மேல் விடுப்பு எடுக்க இயலாது என்பதை வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். முதல் நாளே வகுப்புப் பொறுப்பாசிரியரைச் சந்தித்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் செய்தியைத் தயங்காமல் தெரிவியுங்கள்.