க்ரீஃபுக்கு வரும் தம்பிக்கு, கறிக்கடையைப் பற்றி

தம்பி, செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் க்ரீஃப் ஊருக்குச் செவிலியர் வேலைக்கு வருகிறேன், மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம் என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டுக்கறிக்கு மாதம் ஒருமுறை கிளாஸ்கோ போய் மொத்தமாக வாங்கி உறையவைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, ஊருக்குள் இருக்கும் கறிக்கடை நமக்கு ஒத்துவருமா, அங்கே நம்மை எப்படி நடத்துவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஹலால் கறிதான் வேண்டும் என்றால் கிளாஸ்கோ போன்ற பெரிய நகரம்தான் வழி. அந்தக் கட்டாயம் இல்லையென்றால் ஊர்க் கடைக்கே போங்கள். அக்காவின் பதில் இதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் 2003இல் திண்டுக்கல்லிலிருந்து வந்தேன். முதல் எட்டு மாதம் அந்தக் கடை வாசலைக் கடந்து போனேனே தவிர, உள்ளே நுழையவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர் தெரியாத துண்டுகள். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆனால் அங்கே எனக்குக் கிடைத்தது எலும்பில்லாத கறிதான். அதில் வைத்த குழம்பில் நம் வீட்டு வாசமே வரவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள், நெஞ்சு நிறையச் சளியோடு, எலும்பு சூப் இல்லாமல் இனி முடியாது என்று உள்ளே போய்விட்டேன். ஆட்டெலும்பு வேண்டும் என்றேன். "நாய்க்கா?" என்று கடைக்காரர் கேட்டார். இங்கே பலர் நாய்க்குத்தான் எலும்பு வாங்குகிறார்கள். எனக்குத்தான், சூப் வைக்க என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பார்லி போடுவீர்களா?" என்றார். மிளகு, சீரகம், பூண்டு என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டி செம்மறியின் விலாப்பக்கக் கறியைப் பார்லி, காரட், டர்னிப்போடு மணிக்கணக்கில் வேகவைப்பாராம். காய்ச்சலுக்கு அதுதான் மருந்தாம். எலும்பை விரல் நீளத்துக்கு வெட்டி, கூடவே கழுத்துக்கறி கொஞ்சம் வைத்துக் கட்டிக் கொடுத்தார். பின்னால் நின்ற அம்மாள் மிளகு எவ்வளவு போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எட்டு மாதத்தில் அந்த ஊரில் என்னிடம் வேலை விஷயம் அல்லாமல் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

அந்தக் கடை நன்றாக ஓடுவதற்குக் காரணமும் இந்தப் பேச்சுதான் என்பது என் எண்ணம். வாங்குகிறவர் வீட்டு அடுப்பில் என்ன வேகப்போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வெட்டுகிறார்கள். இன்னொரு காரணம், அவர்கள் எதையும் வீணாக்குவதில்லை. தொடையும் சாப்ஸும் தானாக விலைபோகும். மிச்சத்தைக் காசாக்குவதில்தான் கடையின் பிழைப்பு இருக்கிறது. ஓரத்துக் கறி கொத்துக்கறியாகிறது, சாசேஜாகிறது. மாட்டுக் கால்கறியைக் குழைய வேகவைத்து அதன் சாற்றோடு கிண்ணத்தில் உறையவிட்டு விற்கிறார்கள். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகோடு சேர்த்தால் ஹேகிஸ். மத்தியானம் பள்ளிப் பிள்ளைகள் சூடான ‘பை’க்கு (மாவுக்கூட்டுக்குள் கறி வைத்துச் சுட்ட பண்டம்) வரிசையில் நிற்கிறார்கள். தலை, கால், குடல், ரத்தம் என்று ஒன்றையும் விடாத நம் ஊர்க் கறிக்கடையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். ஏழாயிரம் பேர் வசிக்கும் இந்தச் சிற்றூர் பெரிய மாட்டுச் சந்தையால் பெயர் பெற்றது. வடக்கு மலைகளிலிருந்து மாடுகளை நடத்தியே ஓட்டிவந்து இங்கே தெற்கத்தி வியாபாரிகளிடம் விற்றார்கள். 1723இல் சுமார் 30,000 மாடுகள் கைமாறினவாம். பிறகு சந்தை ஃபால்கர்க் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது. ஆனால் கறி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை.

இனி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் வாலைப் பார்த்து வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவோம். இங்கே எல்லாம் செம்மறி. ஒரு வயதுக்கு உட்பட்டது லாம்ப், வயது முதிர்ந்ததுதான் மட்டன். லாம்பை ‘குட்டி’ என்று நினைத்துவிடாதீர்கள், உரித்த பிறகே இருபது கிலோ அளவுக்கு இருக்கும். கொழுப்பு அதிகம், கறி மெத்து. குக்கரில் ஆறு விசில் விட்டால் கரைந்துபோகும். மூன்று போதும். செம்மறி வாடை பிடிக்காவிட்டால் மேல்கொழுப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள், வாடை அதில்தான் இருக்கிறது.

தொடையை இங்கே ‘ஜிகட்’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களோடு ஸ்காட்லாந்துக்கு இருந்த பழைய உறவில் வந்த சொல் அது. குழம்புக்கு ஜிகட் வேண்டாம், கழுத்தும் முன்னங்காலும் கேளுங்கள். விலையும் குறைவு, ருசியும் அதில்தான். ஸ்டேக் என்னும் தடித்த மாட்டுத் துண்டு, தொடை மாதிரியானவை சூப்பர் மார்க்கெட்டைவிட விலை கூடத்தான் இருக்கும். நம் சமையலுக்கு வேண்டியவை அப்படியல்ல. இங்கத்திய ஆடுகள் பெரும்பாலும் ஏப்ரலில் ஈனுகின்றன, குட்டிகள் வளர்ந்து கறிக்கு வருவது இலையுதிர் காலத்தில். நல்ல நேரத்தில்தான் வருகிறீர்கள்.

நீங்கள் மாட்டுக்கறி சாப்பிடாதவர் என்றால் கவனம். வெறுமனே ‘மின்ஸ்’ என்று கேட்டால் மாட்டுக் கொத்துக்கறியைத்தான் கொடுப்பார்கள். சதுரமான சாசேஜும் பெரும்பாலும் மாடுதான். ஸ்காட்ச் பையில் வழக்கப்படி ஆட்டுக்கறி என்றாலும் பலர் மாட்டுக்கறி வைக்கிறார்கள். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள், யாரும் முகம் சுளித்ததில்லை.

மாட்டுக்கறியை மூன்று நான்கு வாரம் குளிர் அறையில் தொங்கவிட்டோம் என்று பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள். காலையில் அறுத்ததைக் காலையிலேயே வாங்கிப் பழகிய நமக்கு அது பழைய கறி போலத் தோன்றும். அது கெட்ட கறி இல்லை, நார் தளர்ந்து மெதுவாவதற்காக அப்படிச் செய்கிறார்கள். பச்சைக்கறி வெட்டியவர் அதே கையால் வெந்த ‘பை’யை எடுத்துத் தரமாட்டார். அதற்காகக் காத்திருக்க நேர்ந்தால் கோபப்படாதீர்கள். 1996இல் விஷா என்ற ஊரில் கறி வழியாக ஈ கோலை கிருமி பரவிப் பல முதியவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வந்த விசாரணைதான் பச்சைக்கறியையும் வெந்த கறியையும் அடியோடு பிரிக்கச் சொன்னது. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரும் உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

உங்கள் அம்மா மருமகளுக்கு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) வாங்கிக் கொடுக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சுவரொட்டி எனக்கு இங்கே கிடைத்ததே இல்லை. ஆடு அறுப்பது கடையில் இல்லை, உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்தில். தலையும் காலும்கூடக் கடைக்கு வருவதில்லை. ஈரல் தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் பிரசவம் ஆகும்வரை வாங்காதீர்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அது கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரை. ஹேகிஸிலும் ஈரல் உண்டு, அதுவும் வேண்டாம். அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அவர் ஆசையில் குறை இல்லை. நன்றாக வெந்த கறியும், நல்லி எலும்பு சூப்பும், தேவைப்பட்டால் மருத்துவச்சி கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் போதும்.

முதல் தடவை செவ்வாய் அல்லது புதன் காலையில் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. துண்டின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். "எலும்போடு, சின்னத் துண்டாக" என்று கையால் அளவு காட்டுங்கள். தராசு கிலோவில்தான், ஆனால் வயதானவர்கள் இன்னும் பவுண்டில் கேட்பார்கள். ஒரு பவுண்டு என்பது 454 கிராம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே 1958 வரை கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறையே கிடையாது. புத்தாண்டுதான் பெரிய நாள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஸ்டேக் பை வேண்டும் என்பதால் டிசம்பர் கடைசியில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஜனவரி 1, 2 இரண்டு நாளும் விடுமுறை. உங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும் சமயமும் அதுதான். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் சொல்லிவையுங்கள்: கழுத்துக்கறி ஒன்றரைக் கிலோ, எலும்போடு, 31ஆம் தேதி காலை. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற மிளகுக் குழம்புக்கு நான் மசாலா வறுத்து அரைத்துக் கொண்டுவருகிறேன்.