பத்து பர்சென்ட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். லாஸ்பேட்டையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் நடத்துகிறோம். ஜூன் 21 இசைத் திருநாளில் தெருவில் வாசித்ததைப் பார்த்துவிட்டு ஒருவர், "புரோகிராம் பிடிச்சுத் தர்றேன், பத்து பர்சென்ட் குடுங்க" என்கிறார். வாசிப்பது நாங்கள், பெட்டி தூக்குவது நாங்கள். நாலு போன் போடுகிறவருக்கு எதற்குப் பங்கு? சென்ற மாதம் நீங்கள் ராக் குழுக்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்த இயன் கோப்லாண்டைப் புகழ்ந்திருந்தீர்கள். அவரும் ஒரு புரோக்கர்தானே?

பெயர் வேண்டாம்,
லாஸ்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

புரோக்கர்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை, அவரும் பட்டதாகத் தெரியவில்லை.

1978-ல் அவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் என்ற ஊரில், ஒரு ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருந்தார். தம்பி ஸ்டுவர்ட் லண்டனில் 'போலீஸ்' என்ற ராக் குழுவின் டிரம்மர். அந்தக் குழுவுக்கு அமெரிக்காவில் ஆல்பமே வெளிவரவில்லை. வழக்கமாக ரெக்கார்ட் கம்பெனி பணம் போட்டால்தான் டூர். இயன் அதற்குக் காத்திருக்கவில்லை. லேக்கர் கம்பெனியின் மலிவு விமானத்தில் வரச்சொன்னார். ஒரு வேன், வழிநெடுக சின்னச் சின்ன கிளப்புகள். செலவைச் சுருக்கினால் சின்னப் பேமெண்டும் கட்டுப்படியாகும் என்பது அவர் கணக்கு. பூகீப்சி என்ற ஊரில் கேட்க வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அங்கேயும் முழுக் கச்சேரி வாசித்தார்கள்.

மறு வருஷம் நியூயார்க்கில் சொந்த ஏஜென்சி திறந்து, அதன் சுருக்கப் பெயர் அமெரிக்கப் புலனாய்வுத் துறையைப் போலவே எஃப்.பி.ஐ. என்று வரும்படி வைத்தார். அப்பா சி.ஐ.ஏ. உளவுத்துறை அதிகாரி, தம்பியின் குழு போலீஸ். குடும்பத்துக்கே குசும்பு! மேக்கன் ஆபீசில் எடுபிடி வேலை பார்த்த பில் பெர்ரி என்ற பையன் பிறகு ஆர்.இ.எம். என்ற ராக் குழுவின் டிரம்மரானான். அவர்களுக்கும் இவர்தான் தேதி பிடித்தார்.

இவருக்கு முன்னோடி ஃபிராங்க் பார்சலோனா. 1964-ல் ராக் இசைக்கென்றே தனி ஏஜென்சி தொடங்கியவர். புதுக் குழுவைப் போட்டு ஒரு ஊரில் கச்சேரி நடத்துகிறவர் கையைச் சுட்டுக்கொண்டால், அடுத்த பெரிய குழுவை அவருக்கே கொடுப்பார். நம் கோயில் விழாக் குழுக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. முதலில் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மூன்று வருஷம் கணக்கு எழுதினேன். எங்களுக்கு வாய்த்த ஏஜெண்ட் ஆடி மாசத்தில் வெள்ளி விருத்தாசலம், சனி பாண்டிச்சேரி, ஞாயிறு மறுபடி விருத்தாசலத்துக்குப் பக்கத்து உளுந்தூர்பேட்டை என்று தேதி கொடுத்துவிட்டு அட்வான்ஸில் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார். மூன்று நாளும் நல்ல கூட்டம், கைதட்டல், பொன்னாடை. திங்கட்கிழமை நோட்டைப் பார்த்தால் வேன் வாடகையும் டீசலும் போக தபேலாக்காரருக்குக் கொடுக்கக் காசில்லை. அவர் முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளி விருத்தாசலம், சனி உளுந்தூர்பேட்டை, வருகிற வழியில் ஞாயிறு பண்ருட்டி என்று கோத்திருந்தால் அதே பேமெண்டில் எல்லோருக்கும் சம்பளம் கிடைத்திருக்கும். நாலு போன் யார் வேண்டுமானாலும் போடலாம். எந்த ஊருக்கு முதலில் போடுவது என்பதற்குத்தான் பத்து பர்சென்ட்.

ஆகவே உங்கள் ஆளுக்குக் கொடுக்கலாமா என்றால், அவருடைய டைரியைக் காட்டச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு பாண்டிச்சேரியில் யாரும் பிடித்துத் தருவார்கள். ஊர் சுற்ற வரும் பெங்களூர் வண்டியெல்லாம் இங்கேதான் நிற்கிறது. அதைப் பார்க்காதீர்கள். உங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போனால், திரும்பி வருகிற புதன்கிழமைக்கு என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.