பொள்ளாச்சி விடுதி அறைக்குப் பவானி ஜமக்காளம் சரிப்படுமா?

வணக்கமுங்க. பொள்ளாச்சியில் கட்டும் சொகுசு விடுதிக்கு டிசைனர் இத்தாலி மார்பிளும் தங்க நிறச் சுவரும் கேட்கிறார், உங்களுக்கோ பவானி ஜமக்காளம் விரிக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆசைதான் சரி. இன்று பெரிய விடுதிகளே பளபளப்பைக் குறைத்து, அந்தந்த ஊர்க் கைவேலைப் பக்கம் திரும்புகின்றன. ஜமக்காளத்தின் அகலமான வண்ணப் பட்டைகளே அறைக்குப் போதும். சுவரை வெறும் சுண்ணாம்புப் பூச்சாக விடுங்கள்.

ஆனால் பருத்தி ஈரத்தை உறிஞ்சும், வழவழப்பான தரையில் நழுவும். குளியலறை வாசலில் போடாதீர்கள். கட்டிலருகே போட்டால் அடியில் ரப்பர் வலை வேண்டும். அப்புறம், புவிசார் குறியீடு பெற்ற பவானிக் கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள், விசைத்தறி நகல்களும் விற்கிறார்கள். விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளியாக இருக்கட்டும். வெள்ளை டியூப் லைட்டில் ஜமக்காளப் பட்டைகளின் சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியலாம்.