ரோட்டரி ரூல்ஸ் கேள்வி-பதில்: "2016லேயே எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாமே!"

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல உங்க ரோட்டரி கிளப் பைலாவ (கிளப் தனக்குன்னு எழுதி வச்சிருக்கற விதிகள) ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா எனக்கு எழுதவே வேண்டி இருந்திருக்காது. இருந்தாலும் கேட்டுட்டீங்க, சொல்றேன். பேரெல்லாம் போடல, யாரும் யாரையும் தேட வேண்டாம்.

கேள்வி: சார், ரோட்டரி ரூல மாத்தற கவுன்சில்ல ஓட்டு போட்டு பாஸ் ஆன ரூல் எப்பலேர்ந்து எங்களுக்கு பொருந்தும்?

பதில்: அதே வருஷம் ஜூலை 1. ஏப்ரல்ல பாஸ் ஆச்சுன்னு மே மாச மீட்டிங்லயே அத வச்சு சண்டை போடாதீங்க.

கேள்வி: கவுன்சில் வருஷா வருஷம் நடக்குதுங்கறாங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவைங்கறாங்க. எது சரி?

பதில்: ரெண்டுமே சரி, ஆனா ரெண்டும் வேற வேற. கவுன்சில் ஆன் லெஜிஸ்லேஷன் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, 2019, 2022, 2025ன்னு நடந்துச்சு, அடுத்தது 2028. ரூல் மாறுறது அங்கதான். கவுன்சில் ஆன் ரிசல்யூஷன்ஸ் வருஷா வருஷம் ஆன்லைன்ல நடக்குது, அது ஆர்.ஐ. (ரோட்டரி இன்டர்நேஷனல்) போர்டுக்கு "இத கொஞ்சம் பாருங்க"ன்னு சொல்ற வேண்டுகோள், அவ்வளவுதான். ரிசல்யூஷன் பாஸ் ஆன மறுநாளே "ரூல் மாறிடுச்சு"ன்னு வாட்ஸாப்ல தட்டிவிடற பாஸ்ட் பிரசிடென்ட்டுங்க இத கொஞ்சம் படிச்சா நல்லது.

கேள்வி: ஹானரரி (கௌரவ) மெம்பர் எலெக்‌ஷன்ல ஓட்டு போடலாமா?

பதில்: கூடாது. ஓட்டு கிடையாது, பதவி கிடையாது, டியூஸும் (சந்தா) கிடையாது.

கேள்வி: 2016லேயே ரோட்டரியில மீட்டிங், அட்டெண்டன்ஸ் ரூல் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. அதனால நாங்க மாசத்துக்கு ஒரு மீட்டிங், நல்ல டின்னரோட வச்சிட்டு இருக்கோம். மெம்பர்ஸ் எல்லாரும் ஹாப்பி. ஆனா பல கிளப் சேர்ந்த ரோட்டரி டிஸ்ட்ரிக்ட் சார்பா எங்கள கவனிக்கற அசிஸ்டென்ட் கவர்னர் ஒவ்வொரு தடவையும் குறை சொல்றாரு. எங்க பக்கம்தானே நியாயம்?

பதில்: இல்ல. அவர் பக்கம்தான். இத எத்தன தடவை எழுதினாலும் திரும்ப திரும்ப இதே கேள்விதான் வருது, அதனால இந்த தடவை கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன், பொறுத்துக்கோங்க.

2016 கவுன்சில் எதையும் "எடுக்கல". கிளப்புக்கு ஒரு அனுமதி குடுத்துச்சு, அதாவது மீட்டிங் எப்ப, எப்படி, அட்டெண்டன்ஸ் எப்படி கணக்கு, என்னென்ன வகை மெம்பர்ஷிப்னு உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், ஆனா அத உங்க பைலால எழுதி, கிளப்ல ஓட்டு போட்டு பாஸ் பண்ணணும். அந்த கடைசி பாதிய யாரும் படிக்கறதே இல்ல! பைலால எதுவும் எழுதலைன்னா ஸ்டாண்டர்டு கிளப் கான்ஸ்டிட்யூஷன்ல இருக்கறதுதான் உங்களுக்கு ரூல், அதுல இன்னைக்கும் வாராந்திர மீட்டிங்தான் இருக்கு, அட்டெண்டன்ஸும் இருக்கு, தொடர்ந்து நாலு மீட்டிங் வரலைன்னா கிளப் போர்டு கேள்வி கேக்கலாம்ங்கறதும் இருக்கு. நீங்க "ஃப்ளெக்ஸிபிலிட்டி"ன்னு நினைச்சு பண்ணிட்டு இருக்கறது வெறும் ரூல் மீறல்.

சரி, பைலாவ மாத்திட்டீங்கன்னே வச்சுப்போம். அப்பவும் மாசத்துக்கு குறைஞ்சது ரெண்டு மீட்டிங் வேணும். அதுக்கு கீழ போக எந்த பைலாவும் உங்களுக்கு அதிகாரம் குடுக்காது. அந்த ரெண்டும் ஓட்டல் ஹால்ல மாலை போட்டு நடத்துற மீட்டிங்கா இருக்கணும்னு யாரும் சொல்லல, ஒண்ண ஆன்லைன்ல வைங்க, ஒண்ண சர்வீஸ் ப்ராஜெக்ட்டா வைங்க, குடும்பத்தோட ஒரு கெட்-டுகெதரா வைங்க, பைலால எழுதி வச்சிருந்தா எல்லாமே மீட்டிங்தான். இவ்வளவு இடம் குடுத்த பிறகும் ரெண்டு மீட்டிங் வைக்க முடியலைன்னா பிரச்சினை ரூல்ல இல்லைங்க.

இன்னொண்ணும் கவனிங்க, கான்ஸ்டிட்யூஷன் வேற, பைலா வேற. கான்ஸ்டிட்யூஷன் கவுன்சிலோடது, 1922 ஜூன் 6க்கு அப்புறம் சேர்ந்த எல்லா கிளப்புக்கும் அதே கான்ஸ்டிட்யூஷன்தான், பேர், இடம் இந்த மாதிரி ஒண்ணு ரெண்ட தவிர நீங்க அதுல கை வைக்க முடியாது. பைலா உங்களோடது. வருஷக் கடைசிக்குள்ள, அதாவது டிசம்பர் 31க்குள்ள அடுத்த ஆபீஸர்ஸ் எலெக்‌ஷன், போர்டு மீட்டிங் மினிட்ஸ் 30 நாளுக்குள்ள எல்லா மெம்பருக்கும் கிடைக்கறது, இதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன். "ஃப்ளெக்ஸிபிலிட்டி இருக்கே, மார்ச்ல எலெக்‌ஷன் வச்சுக்கறோம்"னு ஒரு கிளப்ல எங்கிட்டயே வாதாடினாங்க, ரெண்டு மணி நேரம். கடைசி வரைக்கும் அந்த ரூம்ல ஒருத்தர் கையிலயும் பைலா காப்பி இல்ல.

பைலால எழுதுங்க. ஓட்டு போடுங்க. மினிட்ஸ்ல ஏத்துங்க. அப்புறமா அசிஸ்டென்ட் கவர்னரோட சண்டை போடுங்க, நானும் வர்றேன்.

கேள்வி: நான் 70 வயசு, 15 வருஷமா ரோட்டேரியன். கூட்டினா 85 வருது. இனிமே மீட்டிங் வரலைன்னாலும் பரவாயில்லைதானே?

பதில்: கணக்கு சரி, ரூல பாதிதான் படிச்சிருக்கீங்க ஐயா. வயசும் மெம்பர்ஷிப் வருஷமும் கூட்டி 85 வரணும், கூடவே குறைஞ்சது 20 வருஷம் ரோட்டேரியனா இருந்திருக்கணும். 60 வயசு, 25 வருஷம்னா ஓகே. உங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுவும் தானா வராது, செக்ரட்டரிக்கு எழுதி குடுத்து போர்டு ஒத்துக்கணும். இதே கேள்விய இன்னொருத்தர் "85 வயசு ஆனவங்களுக்குத்தானே சார் இந்த ரூல்"னு கேட்டிருக்காரு. அவருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: மீட்டிங் மிஸ் ஆனா மேக்கப்புக்கு (அத ஈடு கட்டறதுக்கு) முன்னாடி 14 நாள், பின்னாடி 14 நாள்னு எங்க செக்ரட்டரி கறாரா இருக்காரு...

பதில்: பழைய புத்தகம் வச்சிருக்காரு. இப்ப அதே ரோட்டரி வருஷத்துக்குள்ள (ஜூலைலேர்ந்து ஜூன் வரை) மேக்கப் பண்ணினா போதும். 2019ல கான்ஸ்டிட்யூஷன மொத்தமா சுருக்கி திருத்தி எழுதினாங்க, ஆர்ட்டிகிள் நம்பரெல்லாம் கூட மாறிடுச்சு. அதனால "ஆர்ட்டிகிள் இத்தனாவதுல இருக்கு"ன்னு யாராவது அடிச்சு சொன்னா எந்த வருஷத்து காப்பின்னு முதல்ல கேளுங்க.

கேள்வி: ஃபேமிலி மெம்பர்ஷிப் ஆரம்பிச்சிருக்கோம். கணவர் முழு டியூஸ், மனைவிக்கு பாதி. மனைவிக்கு ஆர்.ஐ. டியூஸ் கட்ட வேண்டாம்தானே? கிளப்புக்கு நல்லா மிச்சம் ஆகும்.

பதில்: ஆகாது. ஃபேமிலி, கார்ப்பரேட், அசோசியேட்னு உள்ளுக்குள்ள நீங்க எந்த பேர் வச்சாலும் ஆர்.ஐ. கணக்குல ரெண்டே வகைதான், ஆக்டிவ், இல்லைன்னா ஹானரரி. அந்த அம்மா ஹானரரி இல்லைன்னா ஆக்டிவ், ஆக்டிவ்னா முழு ஆர்.ஐ. டியூஸ். கிளப் டியூஸ்ல பாதி தள்ளுபடி குடுங்க, சாப்பாட்டு காசு வேண்டாம்னு சொல்லுங்க, அது உங்க இஷ்டம், ஆனா பைலால எழுதிட்டு (ஆமா, மறுபடியும் அதேதான்). ஆர்.ஐ. டியூஸ் 2022-23ல 71 டாலர் இருந்தது, 2025-26ல 82, சுமாரா வருஷத்துக்கு 80னு மனசுல வச்சுக்கிட்டு கிளப் ரேட் ஃபிக்ஸ் பண்ணியிருந்தீங்கன்னா அத கொஞ்சம் ஏத்திக்கோங்க. அப்புறம் ஒரு விஷயம், ஏன் எப்பவும் கணவர் முழு மெம்பர், மனைவி பாதி மெம்பர்?

கேள்வி: எங்க கிளப்ல ஆரம்பத்துலேர்ந்தே லேடீஸ் மெம்பர் எடுக்கறதில்லை, அது எங்க பாரம்பரியம். புது ரூல்ல இதுக்கு தடை ஏதும் வந்திருக்கா?

பதில்: புது ரூலா? கலிஃபோர்னியாவுல டுவார்ட்டி கிளப் 1977ல மூணு பெண்கள சேர்த்துச்சு, அதுக்காக ஆர்.ஐ. அந்த கிளப்போட சார்ட்டரையே (அங்கீகாரத்தையே) பிடுங்கினாங்க, கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1987ல ஆர்.ஐ. தோத்துது, 1989 கவுன்சில்ல ரூலையே மாத்திட்டாங்க. பால் ஹாரிஸ் 1905ல ஆரம்பிச்சதுலேர்ந்து எண்பது வருஷத்துக்கு மேல ஆண்கள் கிளப்பா இருந்ததுக்கு அதோட முடிவு. இன்னைக்கு ஆண் பெண், நிறம், மதம், நாடு எத வச்சும் எந்த கிளப்பும் மெம்பர்ஷிப்ப தடுக்க முடியாது, கிளப் எவ்வளவு பழசா இருந்தாலும் சரி.

கேள்வி: டியூஸ் கட்டாத ஒரு மெம்பர பிரசிடென்ட் வாட்ஸாப் குரூப்லேர்ந்து தூக்கிட்டாரு, "நீங்க இனி மெம்பர் இல்ல"ன்னு மெசேஜ் வேற. இது செல்லுமா?

பதில்: குரூப்லேர்ந்து தூக்கினது செல்லும், கிளப்லேர்ந்து தூக்கினது செல்லாது. கெடு தேதி தாண்டி 30 நாள் ஆகியும் கட்டலைன்னா செக்ரட்டரி எழுத்து மூலமா நோட்டீஸ் குடுக்கணும், அதுக்கப்புறம் 10 நாள் டைம், அதுக்கும் கட்டலைன்னா எடுக்கலாம். அதுவும் எடுக்கணுமா வேண்டாமாங்கறது போர்டு முடிவு, பிரசிடென்ட்டோட கோவம் இல்ல. பணம் இல்லாம வேற காரணத்துக்கு எடுக்கணும்னா இன்னும் கவனமா போகணும்: 10 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ், அவரு பதில் சொல்ல ஒரு வாய்ப்பு, அதுக்குன்னே கூட்டின போர்டு மீட்டிங்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு. அப்பவும் முடிவு தெரிவிச்ச 14 நாளுக்குள்ள அவரு கிளப்கிட்ட அப்பீல் பண்ணலாம், மீடியேஷனோ ஆர்பிட்ரேஷனோ கேக்கலாம். ஸ்டெப் ஒண்ணு விட்டாலும் நாளைக்கு அவரு டிஸ்ட்ரிக்ட்ல போய் நிப்பாரு, அப்ப தலை குனியறது நீங்கதான்.

கேள்வி: நாங்க 12 பேர் நண்பர்கள். தனி கிளப் ஆரம்பிக்கலாமா?

பதில்: புது கிளப்புக்கு 20 பேர் வேணும். சாட்டிலைட் கிளப்புக்கு (ஒரு தாய் கிளப்போட சேர்ந்து இயங்கற சின்ன கிளப்) 8 போதும், 2013லேர்ந்து அந்த வழி இருக்கு. நீங்க தாய் கிளப்போட முழு மெம்பர்தான், ஓட்டு உண்டு, டியூஸும் உண்டு. ஆள் சேர்ந்ததும் தனியா போங்க.

கேள்வி: 30 வயசு தாண்டினா ரோட்டராக்ட்லேர்ந்து (ரோட்டரியோட இளைஞர் கிளப்) வெளிய போகணுமே, ஏதாவது வழி இருக்கா?

பதில்: போக வேண்டாம். 2020 ஜூலையோட அந்த வயசு உச்சவரம்பு போயிடுச்சு. உங்க கிளப் மெம்பர்ஸ கேட்டு, உங்க நாட்டு சட்டத்துக்கு உட்பட்டு தனியா ஒரு வரம்பு வச்சிருந்தா அது வேற. 2019 கவுன்சில்ல ரோட்டராக்ட் கிளப்பையும் ஆர்.ஐ. மெம்பர் ஆக்கிட்டாங்க, அதனால "நீங்க எங்க பசங்க"ன்னு தலைய தடவற ரோட்டரி கிளப்புக்காரங்க கொஞ்சம் பழக்கத்த மாத்திக்கணும். ஆனா ரோட்டராக்ட்ல இருக்கறதாலயே ரோட்டேரியன் ஆயிட மாட்டீங்க, ரெண்டுலயும் ஒரே நேரத்துல இருக்கலாம், தனியா சேரணும். டியூஸ் 2022லேர்ந்து வந்திருக்கு, காலேஜ் கிளப்னா வருஷம் 5 டாலர், மத்த கிளப்னா 8.

கேள்வி: ஒரு மெம்பர் ஆகஸ்ட்ல ராஜினாமா பண்ணிட்டாரு. ஆர்.ஐ.யோட ஜூலை இன்வாய்ஸ்ல அவருக்கு கட்டின டியூஸ் திரும்ப வருமா?

பதில்: வராது. ஜூலை 1, ஜனவரி 1 இந்த ரெண்டு தேதியில லிஸ்ட்ல யார் இருக்காங்களோ அவங்களுக்கு இன்வாய்ஸ். போறவங்க பேர ஜூனுக்குள்ள, டிசம்பருக்குள்ள எடுங்க. வருஷக்கணக்கா வராத ஆளுங்கள எண்ணிக்கைக்காக லிஸ்ட்ல வச்சுக்கிட்டு ட்ரெஷரர் கை காசு போட்டு கட்டற கிளப்புங்க எனக்கு தெரிஞ்சே இருக்கு.

கேள்வி: ஒரு ரூல் மாத்தணும்னு எங்க கிளப்ல எல்லாருக்கும் ஆசை. நேரா ஆர்.ஐ.க்கு மெயில் போட்டுடலாமா?

பதில்: மெயில் போட்டா நன்றின்னு பதில் வரும். முறைப்படி உங்க கிளப்ல ஓட்டு போட்டு எனாக்ட்மென்ட்டா (ரூல் திருத்தமா) எழுதணும், எந்த ஆர்ட்டிகிள்ல எந்த வரி மாறணும்னு அப்படியே, "பொதுவா டியூஸ் குறைக்கணும்"னு எழுதினா நிக்காது. அப்புறம் டிஸ்ட்ரிக்ட் ஒப்புதல் வாங்கணும், கான்ஃபரன்ஸ்லயோ லெஜிஸ்லேஷன் மீட்டிங்லயோ. ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு அஞ்சு ப்ரொபோசல்தான், அதனால பக்கத்து கிளப் என்ன எழுதியிருக்காங்கன்னு முன்னாடியே பேசிக்கோங்க. கடைசி தேதி கவுன்சிலுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே முன்னாடி முடிஞ்சிடும், 2028க்குன்னு நினைச்சா இப்பவே கவுன்சில்ல உங்க டிஸ்ட்ரிக்ட்டுக்காக ஓட்டு போடற ரெப்ரசென்டேட்டிவ் யாருன்னு கேட்டு வச்சுக்கோங்க.