எட்டா ஸ்டோன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'கன்ஸ்மோக்' தொடரில் 'தி ஜெய்லர்' அத்தியாயத்தைப் பார்த்தேன். பெட்டி டேவிஸ் நடிக்கிறார் என்பதற்காகவே உட்கார்ந்தேன். ஏமாற்றம்தான். ஆரம்பம் முதல் கடைசி வரை ஓவர் ஆக்டிங். ஒரு பெண் இப்படியா வருஷக்கணக்கில் பழியைச் சுமந்துகொண்டு திரிவாள்? எதிரே ஜேம்ஸ் ஆர்னஸ் கம்பம் மாதிரி நிற்கிறார். இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் டிவிக்கு இறங்கிவர என்ன அவசியம்? இந்த வகையில் அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்த அத்தியாயத்தில் பெட்டி டேவிஸ் நடித்த எட்டா ஸ்டோனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

'இறங்கிவந்தது' பற்றிய கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுவோம். 1962இல் சினிமாத் தொழில் பத்திரிகையில் தன் பெயரைப் போட்டே வேலை கேட்டு விளம்பரம் கொடுத்தவர் பெட்டி டேவிஸ். மூன்று பிள்ளைகளின் தாய், விவாகரத்தானவர், முப்பது வருஷ அனுபவம், நிரந்தர வேலை வேண்டும் என்று எழுதினார். நடிப்பு அவருக்கு ஜீவனம். தொழில் தெரிந்தவர் கிடைத்த இடத்தில் தொழில் செய்தார். இதில் ஏறுவது என்ன, இறங்குவது என்ன?

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எட்டா ஸ்டோனின் கணவன் தூக்கில் தொங்கியவன். அதற்குக் காரணம் டாட்ஜ் சிட்டி என்ற ஊரின் சட்டக் காவலரான மார்ஷல் மாட் டில்லன். ஆர்னஸ் நடிக்கும் நாயகன் அவன்தான். அவனையும் அதே மாதிரி தூக்கில் போட்டாக வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம். அவனை வரவழைக்க, அவனுக்கு நெருக்கமான கிட்டி என்ற பெண்ணைக் கடத்திக்கொண்டு வருகிறார்கள். எட்டாவின் கைகளாக இருப்பவர்கள் அவளுடைய மகன்கள். அந்த மகன்களில் இருவராக நடித்தவர்கள் ப்ரூஸ் டெர்னும் டாம் ஸ்கெரிட்டும். இருவரும் பின்னால் பெயர் வாங்கியவர்கள். 1966 அக்டோபரில் ஒளிபரப்பானது. தொடருக்கு அது பன்னிரண்டாவது வருஷம், வண்ணத்துக்கு மாறிய முதல் வருஷம்.

அந்தப் பன்னிரண்டாவது வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1955இல் தொடங்கி 1975 வரை, 635 அத்தியாயங்கள் ஓடிய தொடர். மாட் டில்லன் சாக மாட்டான் என்பது வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடுத்த வாரம் அதே தொப்பியோடு அதே தெருவில் நடந்து வரப்போகிறவன் அவன். அப்படியானால் அந்தத் தூக்குக்கயிற்றை நம்மை நம்பவைப்பது யார்? எட்டா ஒருத்திதான். அவன் செத்தே தீருவான் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் அந்த ஒரு மணி நேரமும் நிற்காது. இந்தத் தொடர்களில் நாயகன் மாறுவதே கிடையாது. வாழ்வதும் உடைவதும் அழிவதும் அந்த வாரத்து விருந்தாளி நடிகரின் பாடு. நீங்கள் ஓவர் என்று தள்ளியது அந்தப் பாரத்தை.

எனக்குக் கோபம் வருவது அந்தச் சொல்லை நீங்கள் வீசியெறிந்த விதத்தில். மீசைக்காரர் ஒருவர் திரையில் பழி பழி என்று உறுமினால் நமக்கு அது வீரம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி அதையே செய்தால் உடனே ஓவர் ஆக்டிங். எத்தனை பேர் எத்தனை நடிகைகளைப் பற்றி எனக்கு இப்படி எழுதியிருக்கிறார்கள்! தெருவில் ஒருத்தி வாய்விட்டு அழுதால் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் நாம். அந்தக் கையோடுதான் ரிமோட்டையும் எடுக்கிறோம். பெட்டி டேவிஸின் குரல் உயரும் இடங்களை விட்டுவிட்டு, தாழ்ந்து பேசும் இடங்களை மட்டும் மறுபடி கவனியுங்கள். சொற்களை ஒவ்வொன்றாக நறுக்கி வைக்கிறார். முடிவெடுத்து வெகுநாள் ஆனவளின் பேச்சு அது.

'ஒரு பெண் இப்படியா அலைவாள்' என்று கேட்கிறீர்கள். என் பெரியம்மா சென்ற மாதம் தவறிப்போனார். பெரியப்பாவை ஒரு வரப்புத் தகராறில் வெட்டிப் போட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஒரு வாய்தா விடாமல் பெரியம்மா கோர்ட்டுக்குப் போனார். தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு புங்க மரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், வெட்டியவன் விடுதலையாகி அதே தெருவுக்குத் திரும்பினான். அதற்கப்புறம் பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை. பல வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே, "வர்ற வழியில அவனப் பாத்தியா? நடமாடுறானா?" என்றார். நெல் என்ன விலை போகிறது என்று கேட்கும் அதே குரல். "இருக்கான் பெரிம்மா" என்றேன். "இருக்கட்டும். அவன் போனப்புறந்தான் நான்" என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க உள்ளே போனார்.

ஆனால் பெரியம்மா ஒன்று செய்தார். பத்தாவது முடித்த கையோடு இரண்டு மகன்களையும் வெளியூர் அனுப்பிவிட்டார். அண்ணன் ஒருமுறை அரிவாளைப் பற்றி என்னவோ சொல்லப்போக, விளக்குமாற்றால் அடித்தார். பழி தன்னோடு இருக்க வேண்டும், பிள்ளைகள் கையில் ஒட்டக்கூடாது. எட்டா ஸ்டோன் நேர்மாறு. பெற்ற பிள்ளைகளைப் பழிக்குச் செலவழிக்கிறாள். மகன்களை அவள் பார்க்கும் பார்வையில் தாயும் இருக்கிறாள், ஆயுதத்தைச் சரிபார்க்கிறவளும் இருக்கிறாள். அந்தப் பெரிய கண்களில் இரண்டையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தார் பெட்டி டேவிஸ். பெரியம்மாவின் காரியம் முடிந்து வந்த இரவு நான் அந்த அத்தியாயத்தைத்தான் போட்டுப் பார்த்தேன். பெரியம்மா எதை அடக்கி வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆர்னஸ் கம்பம் மாதிரி நிற்கிறார் என்கிறீர்கள். நிற்கிறார்தான். ஆறடி ஏழங்குல மனிதர் அவர். பெட்டி டேவிஸ் அவர் தோளுக்குக்கூட எட்ட மாட்டார். ஆர்னஸ் அசைந்தால் போதும், காட்சி அவர் பக்கம் சாய்ந்துவிடும். அசையாமல் நின்று அவள் பேசுவதைக் கேட்கிறார். இரண்டாம் உலகப்போரில், 1944இல், இத்தாலியின் அன்சியோவில் காலில் குண்டு வாங்கியவர். கடைசிவரை அந்தக் கால் அவரை விடவில்லை. நிற்பது சும்மா வரும் என்று நினைக்க வேண்டாம். உடுக்கைக்காரர் கையை அடக்கினால்தான் சாமியாடியின் வாக்கு காதில் விழும்.

அமாண்டா பிளேக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவ்வளவு பெரிய நடிகைக்கு எதிரே, கடத்தி வரப்பட்ட கிட்டியாக, கொஞ்சமும் கூசாமல் நிற்கிறார். இரண்டு பெண்களும் நேருக்கு நேர் வரும் காட்சிகளுக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். 'வேகன் டிரெயின்' தொடரில் பெட்டி டேவிஸ் மூன்று அத்தியாயங்களில் வருகிறார். 1959இல் வந்த எல்லா லின்ட்ஸ்ட்ராம் கதையை எடுங்கள். அதிலும் விதவைதான், ஏழு பிள்ளைகளின் தாய். அதைப் பார்த்து முடித்து, ஒரு நாள் விட்டு, 'தி ஜெய்லர்' அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.